காய் விடத் தெரிந்த தொடருக்குப் பழம் விடத் தெரியவில்லை

பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடரைப் போன மாதம் முதலிலிருந்து மறுபடி பார்த்து முடித்தேன். 2010 ஜூலையில் தொடங்கி 2017 ஜனவரி வரை வந்த தொடர், நடுவில் வந்த சிறப்பு எபிசோடையும் சேர்த்தால் மொத்தமே 13 எபிசோடுகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், கிட்டத்தட்ட ஒரு சினிமா. ஒளிப்பதிவு, இசை, லண்டனைக் காட்டியிருக்கும் அழகு, இதிலெல்லாம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கு இருக்கிற கோபம் ஒன்றே ஒன்று. ஷெர்லாக்கும் ஜானும் மனம் முறிந்து பிரிகிற இடங்களை இவ்வளவு நன்றாக எழுதியவர்கள், அவர்கள் மறுபடி சேருகிற இடத்தை ஒழுங்காக எழுதவே இல்லை. கதையை முழுசாக உடைத்துத்தான் பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதல் எபிசோடில் ஒரு காட்சி. ஆப்கானிஸ்தான் போரில் குண்டடி பட்டுத் திரும்பிய ராணுவ டாக்டர் ஜான் வாட்சன், கைத்தடி ஊன்றித்தான் நடப்பான். ஒரு ராத்திரி ஷெர்லாக் ஒரு டாக்சியைத் துரத்திக்கொண்டு ஓட, இவனும் கூடவே சந்து பொந்தெல்லாம் ஓடுகிறான், கூரை விட்டுக் கூரை தாவுகிறான். மூச்சிரைக்க பேக்கர் தெரு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு சாப்பாட்டுக் கடைக்காரர் கதவைத் தட்டி, அவன் கடையிலேயே மறந்துவிட்டு வந்த தடியைக் கொடுக்கிறார். தடி இல்லாமல் ஓடியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்கே உறைக்கிறது. நான் இந்தத் தொடரில் விழுந்தது அந்த இடத்தில்தான். புதிர்களில் பாதி மறந்துபோய்விட்டது, அந்தத் தடி மறக்கவில்லை.

சரி, பிரிவுக்கு வருவோம். இரண்டாம் சீசன் முடிவில், 2012 ஜனவரியில், ஷெர்லாக் மருத்துவமனை மொட்டைமாடியிலிருந்து ஜான் பார்க்கப் பார்க்கக் குதிக்கிறான். கல்லறை முன்னால் நின்று, எனக்காக இன்னும் ஒரே ஒரு அதிசயம் செய், செத்துப்போகாமல் இரு என்று ஜான் கெஞ்சுகிறான். கதையில் இரண்டு வருஷம் ஓடுகிறது, பார்த்த நாங்களும் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் காத்திருந்தோம். திரும்பி வருகிறவன் எப்படி வருகிறான்? மேரியிடம் கல்யாணப் பேச்சை எடுக்க மோதிரத்தோடு ஜான் காத்திருக்கும் ஹோட்டலுக்கு, மீசை வரைந்துகொண்டு, பிரெஞ்சுக்கார சர்வர் வேஷத்தில். ஜான் பாய்ந்து கழுத்தைப் பிடிக்கிறான், நியாயம்தானே. அங்கிருந்து வெளியே தள்ளப்பட்டு, ஒரு சின்னக் கடை, அப்புறம் ஒரு கபாப் கடை என்று இறங்கிக்கொண்டே போகிறார்கள். நீ உயிரோடு இருப்பது யாருக்கெல்லாம் தெரியும் என்று ஜான் கேட்கிறான். அண்ணன் மைக்ராஃப்டுக்குத் தெரியும், பிணவறையில் வேலை செய்யும் தோழி மோலிக்குத் தெரியும், தெருவில் வசிக்கிற சிலருக்குத் தெரியும். ஆக உன் அண்ணன், மோலி, நூறு பிச்சைக்காரர்கள், அவ்வளவுதானா என்கிறான் ஜான். இல்லை, அதிகம் போனால் இருபத்தைந்து பேர் என்று ஷெர்லாக் கணக்கைத் திருத்துகிறான். முதல் தடவை பார்த்தபோது இதற்குச் சிரித்தேன். இந்தத் தடவை சிரிக்க முடியவில்லை. இருபத்தைந்து பேரை நம்பியவன் என்னை நம்பவில்லையே என்ற வலி மார்ட்டின் ஃப்ரீமேன் முகத்தில் அப்படியே தெரிகிறது, தொடர் அதை நகைச்சுவை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறது.

அதே எபிசோடில்தான் என்னை இன்றுவரை உறுத்துகிற காட்சி. நிலத்தடி ரயில் பெட்டியில் வெடிகுண்டு, நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, இனி தப்ப முடியாது என்கிற நிலை. ஷெர்லாக் மண்டிபோட்டு, உனக்கு நான் செய்த அத்தனை வேதனைக்கும் என்னை மன்னித்துவிடு என்கிறான். இதெல்லாம் பேசவே எனக்குக் கஷ்டம் என்று தடுமாறுகிற ஜான், கண்ணை மூடிக்கொண்டு, நான் பார்த்த மனிதர்களிலேயே சிறந்தவன் நீதான், உன்னை மன்னிக்கிறேன் என்று சொல்கிறான். அப்புறம் பார்த்தால் ஷெர்லாக் சிரித்துக்கொண்டிருக்கிறான். குண்டை அணைக்க ஒரு சுவிட்ச் இருந்ததாம், ஏற்கனவே அணைத்தாகிவிட்டதாம். செத்துப்போகப் போகிறோம் என்ற பயத்தைக் காட்டி வாங்கிய மன்னிப்பு அது. ஏமாற்றியதற்கான மன்னிப்பையே இன்னொரு ஏமாற்று வேலை செய்து வாங்குகிறான், தொடரும் அதோடு கணக்கு முடிந்தது என்று விட்டுவிடுகிறது. ஆர்தர் கோனன் டாயிலின் மூலக் கதையில் ஹோம்ஸ் மூன்று வருஷம் கழித்து வந்து வேஷத்தைக் கலைத்ததும் வாட்சன் மயங்கி விழுவார். அவர் கண் விழித்தவுடன் ஹோம்ஸ் ஆயிரம் முறை மன்னிப்புக் கேட்கிறேன், நீ இப்படிப் பாதிக்கப்படுவாய் என்று நினைக்கவில்லை என்பார். 1903இல் எழுதிய கதையில் இருந்த அந்தப் பண்பு இவர்களுக்கு ஏன் தேவைப்படவில்லை?

நல்லதையும் சொல்ல வேண்டும். அந்த எபிசோட் முடிவில், சாகாதே என்று உன்னிடம் கேட்டேனே என்று ஜான் சொல்லும்போது, எனக்குக் கேட்டது என்று ஷெர்லாக் சொல்கிற அந்த ஒரு வரி பொன். அடுத்த எபிசோடில் மாப்பிள்ளைத் தோழனாக ஷெர்லாக் செய்கிற கல்யாண உரை, தொடர் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த அரை மணி நேரம். பெனடிக்ட் கம்பர்பேட்ச் அதில் உருக வைத்துவிட்டார்.

ஆனால் இவர்களுக்கு மன்னிப்பை எழுதத் தெரியாது என்று சொல்லவும் முடியாது, அதுதான் எரிச்சல். மேரி பழைய கொலையாளி என்று தெரிந்தபிறகு ஜான் அவளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று அவள் முன்னால் வந்து நின்று, ரொம்ப யோசித்துத் தேர்ந்தெடுத்த வார்த்தைகள் இவை என்று சொல்லிவிட்டுப் பேசுகிறான், அவளுடைய ரகசியம் இருந்த பென் டிரைவை நெருப்பில் போடுகிறான். கோபம் இன்னும் இருக்கிறது என்றும் சொல்கிறான். எவ்வளவு பெரிய மனிதத்தனம்! கணவன் மனைவிக்குள் வந்தால் யோசிக்க மாதங்கள் கொடுக்கிறார்கள், நண்பனுக்குள் வந்தால் வெடிகுண்டின் மேல் ஓடுகிற நிமிடங்கள்தானா?

நான்காம் சீசனில் மேரி சாகிறாள். ஷெர்லாக் வாய்த்துடுக்காகப் பேசிச் சீண்டிவிட்ட விவியன் நார்பரி சுட்ட குண்டுக்குக் குறுக்கே விழுந்து சாகிறாள். நீ சத்தியம் செய்தாயே என்று ஜான் கத்துகிறான், கல்யாணத்தன்று உங்கள் மூன்று பேருக்கும் எப்போதும் இருப்பேன் என்று சொன்னது ஷெர்லாக்தானே. அப்புறம் ஷெர்லாக் ஜான் வீட்டு வாசலுக்குப் போகிறான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மோலி நிற்கிறாள், ஒரு கடிதத்தை நீட்டுகிறாள், யார் வேண்டுமானாலும் உதவிக்கு வரலாம், நீ மட்டும் வேண்டாம் என்று ஜான் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். இங்கே எனக்குத் தொண்டை அடைத்தது. மூலக் கதைகளில் நார்பரி என்பது ஹோம்ஸின் கணிப்பு தப்பாகிப்போன ஊர், நான் தலைக்கனத்தோடு நடந்தால் காதில் நார்பரி என்று சொல் என்று அவர் கேட்பது வாட்சனிடம். இங்கே ஷெர்லாக் அதை வீட்டுக்கார அம்மா மிஸஸ் ஹட்சனிடம் கேட்கிறான், ஜான்தான் பக்கத்தில் இல்லையே. நட்பு அறுந்ததை எவ்வளவு நுட்பமாகக் காட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

அடுத்த எபிசோடில் பிணவறையில் ஜான் ஷெர்லாக்கைக் கீழே தள்ளி அடிக்கிறான், உதைக்கிறான். சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். விடுங்கள், அவனுக்கு உரிமை இருக்கிறது, அவன் மனைவியை நான்தான் கொன்றேன் என்கிறான் ஷெர்லாக் ரத்த வாயோடு. ஆமாம், நீதான் என்கிறான் ஜான். ரொம்பப் பலமாக அடித்துவிட்டேன் என்று பின்னால் போலீஸ் அதிகாரி லெஸ்ட்ராடிடம் வருத்தப்படுகிறான். அடி வாங்கியவனிடம் அதைச் சொல்வதே இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கிறவன் பக்கத்தில் அந்தப் பழைய கைத்தடியை வைத்துவிட்டுப் போகிறான் ஜான், நட்புக்கு முற்றுப்புள்ளி வைப்பதுபோல. கடைசியில் அந்தத் தடிக்குள்ளும் வில்லனின் வாக்குமூலத்தைப் பிடிக்க ஒலிப்பதிவுக் கருவி! ஷெர்லாக் அதையும் முன்கூட்டியே கணித்து வைத்திருந்தானாம். முதல் எபிசோட் தடியை இப்படிச் செய்தது எனக்குப் பெரிய வருத்தம். ஜானைத் திரும்ப வரவழைப்பதும் அவன் மனசு அல்ல, செத்துப்போன மேரி பதிவுசெய்து வைத்த வீடியோ. ஷெர்லாக் ஆபத்தில் விழ வேண்டும், ஜான் ஓடிவந்து காப்பாற்ற வேண்டும், இது அவள் போட்ட திட்டம். மறுபடியும் சாவு பயம், மறுபடியும் தந்திரம்.

அதையும் மீறி அந்த எபிசோடில் ஒரு நல்ல காட்சி பிழைத்திருக்கிறது. பேக்கர் தெரு வீட்டில், பஸ்ஸில் பார்த்த ஒரு பெண்ணோடு மெசேஜில் பேசிக்கொண்டிருந்ததை, கண்முன் நிற்பதாகத் தோன்றும் மேரியிடம் சொல்லி ஜான் உடைந்து அழுகிறான். ஷெர்லாக் மெதுவாக எழுந்து வந்து அணைத்துக்கொள்கிறான். பரவாயில்லை என்கிறான். இல்லை, இது சரியில்லை என்று ஜான் சொல்ல, ஆமாம், ஆனால் நடந்தது நடந்துவிட்டது என்கிறான். தந்திரம் இல்லாமல் இருவரும் பேசிய ஒரே இடம் இதுதான். இதிலிருந்து இன்னும் பத்து நிமிடம் போயிருக்கலாம், அந்த அடியைப் பற்றி, அந்தக் கடிதத்தைப் பற்றி.

போகவில்லை. கடைசி எபிசோட் தொடக்கத்திலேயே இருவரும் ஜோடி சேர்ந்து மைக்ராஃப்டைப் பேய்க் காட்சி காட்டிப் பயமுறுத்துகிறார்கள், ஒன்றுமே நடக்காதது போல. அப்புறம் யூரஸ் என்ற தங்கை, தீவுச் சிறை, விளையாட்டுகள். ஜான் கிணற்றில் சங்கிலி போட்டுக் கட்டப்பட்டு, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஷெர்லாக் யூரஸை அணைத்துச் சமாதானம் செய்கிறான். ஜானுக்கு ஒரு கயிறு விழுகிறது, அவ்வளவுதான். காலில் சங்கிலி இருக்க, கயிறு எதற்கு என்றுகூட விளக்கவில்லை.

டாயில் ரசிகர்களுக்கு இன்னொரு காயம். காரிடெப் என்ற பெயர் வரும் கதையில் வாட்சனுக்குக் குண்டடி படும், ஹோம்ஸ் பதறிப்போவார், அந்தக் கல் மனசுக்குள் இவ்வளவு அன்பா என்று அதைப் பார்ப்பதற்காகவே அந்தக் காயம் பட்டது தகும் என்று வாட்சன் எழுதுவார். இந்தத் தொடரில் அது எப்போது வரும் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். வந்தது என்னவோ ஜன்னலுக்கு வெளியே கட்டித் தொங்கவிடப்பட்ட காரிடெப் சகோதரர்கள் மூன்று பேர், யார் கொலைகாரன் என்று கண்டுபிடிக்கும் ஒரு புதிர். பெயரை எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டார்கள்.

இதே ஹோம்ஸ், வாட்சனை மனசில் வைத்து உருவாக்கிய அமெரிக்கத் தொடர் ‘ஹவுஸ்’. அதில் ஹோம்ஸ் இடத்தில் டாக்டர் ஹவுஸ், வாட்சன் இடத்தில் அவன் நண்பன் வில்சன். தன் காதலி இறந்தபிறகு வில்சன் ஹவுஸை விட்டு விலகிப் போகிறான். ஹவுஸின் அப்பா இறந்து, அந்தச் சடங்குக்கு இருவரும் வேண்டா வெறுப்பாகக் காரில் சேர்ந்து போகிறார்கள், வழியெல்லாம் சண்டை, கடைசியில் வில்சன் ஆத்திரத்தில் பாட்டிலை வீசி வண்ணக் கண்ணாடி ஜன்னலை உடைக்கிறான். அந்தச் சண்டையில்தான் எல்லாம் வெளியே வருகிறது, அதற்குப் பிறகு வில்சன் திரும்பி வருவது நம்பும்படி இருக்கிறது. அங்கேயும் சிரிப்பு, கிண்டல் எல்லாம் உண்டு, ஆனால் பூசி மெழுகவில்லை.

இவ்வளவு திட்டிய பிறகும் ‘ஷெர்லாக்’ பார்க்காதீர்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. முதல் இரண்டு சீசன்களைக் கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், மூன்றாம் சீசனில் கல்யாண எபிசோடை விட்டுவிடாதீர்கள். நான்காம் சீசனில் இரண்டாவது எபிசோடில் அந்த அழுகை ஓய்ந்ததும், அன்று ஷெர்லாக்கின் பிறந்தநாள் என்பதால் கேக் சாப்பிடக் கிளம்புவார்கள், மோலி கடையில் காத்திருப்பாள், ஷெர்லாக் அந்தக் காது மூடிய தொப்பியை எடுத்து மாட்டிக்கொள்வான். அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.