கேக்டஸ் ஜூஸ் ரெசின்: சோளக் கதிரும் உளுத்த மரமும் பேனாவாக வேண்டுமென்றால்

மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர், பூஞ்சை ஏறி மெத்தென்றான மரம், பைன் காய் போன்றவற்றைப் பேனா கடைய அப்படியே லேத்தில் மாட்டினால் உளி பட்டதுமே பொலபொலவென உதிரும். இவற்றைக் கெட்டிப்படுத்த கேக்டஸ் ஜூஸ் என்ற பெயரில் விற்கும் ரெசினைத் தாராளமாக வாங்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த மரங்களுக்கு மட்டும் வேண்டாம். உள்ளே இறங்காது, வீண் செலவு.

இது சூட்டில் இறுகும் ரெசின். இறுகவைக்கும் ஆக்டிவேட்டர் கலந்த பிறகும் அறை வெப்பத்தில் தண்ணியாகவே இருக்கும். அதனால் மிச்சத்தை வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம், கலந்ததும் தானாகவே இறுகிவிடும் எபாக்சி ரெசினில் இது நடக்காது.

சொதப்புவது பெரும்பாலும் ஈரத்தால்தான். கைக்குக் காய்ந்ததாகத் தெரியும் கட்டையிலும் ஈரம் இருக்கும். ஓவனில் 104 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, எடை குறைவது நின்றுவிட்டதா என்று தராசில் பாருங்கள். பிறகு காற்றுப் புகாத பையில் போட்டு முழுக்க ஆறவிடுங்கள். சூடாக ரெசினில் போட்டால் சட்டியில் இருப்பது மொத்தமும் கெட்டியாகத் தொடங்கும்.

ஆறிய கட்டையை வாக்குவச் சட்டியில் (பம்பால் காற்றை உறிஞ்சி எடுக்கும் பாத்திரம்) ரெசினில் மூழ்கவையுங்கள். சோளக் கதிர் மிதக்கும், மேலே பாரம் வையுங்கள். வாக்குவத்தை மெதுவாக ஏற்றுங்கள். முதலில் வரும் நுரை பொங்கினால் பம்புக்குள் போய்விடும். குமிழி நிற்கும்வரை பம்பு ஓட வேண்டும். ரெசின் உண்மையில் உள்ளே போவது வாக்குவத்தைத் திறந்த பிறகுதான்: வெளிக்காற்றின் அழுத்தம் அதைத் தள்ளுகிறது. அப்போது மட்டம் இறங்கி கட்டை வெளியே தெரிந்தால் காற்றைத்தான் குடிக்கும். பம்பு ஓடிய நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது ஊறட்டும்.

பிறகு வடியவிட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, ஓவனில் 95 டிகிரி அளவில் சூடாக்குங்கள். கட்டையின் நடுப்பகுதி 88 டிகிரியைத் தொட வேண்டும். வாடை கடுமையாக இருக்கும். சமையலுக்குப் பயன்படும் ஓவனில் வைக்காதீர்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த ரெசின் நாரைக் கெட்டியாக்குமே தவிர, ஓட்டையை அடைக்காது. சோளமணி இருந்த குழிகள் அப்படியேதான் இருக்கும். அவற்றுக்குத் தனியாக வண்ண ரெசின் வார்க்க வேண்டும். யூரித்தேன் ரெசின் என்றால் ஈரம் துளி இருந்தாலும் நுரைக்கும். சின்னக் குழிகளுக்கு மெல்லிய சிஏ பசை (சூப்பர் குளூ வகை) போதும்.

மெருகுக்கும் சிஏ பசையே சிறந்தது. முதலில் மெல்லியது, பிறகு நடுத்தரக் கெட்டியில் ஆறேழு பூச்சு. பசையைச் சட்டென இறுகவைக்கும் ஆக்ஸிலரேட்டரை அள்ளித் தெளித்தால் பூச்சு வெளுத்துக் குமிழி விடும். மைக்ரோ மெஷ் என்ற மிக நைசான உப்புத்தாளில் 1500 முதல் 12000 எண் வரை தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதற்கு முன், கட்டையின் இரு முனைகளிலும் பசை தடவி அடைத்துவிடுங்கள். அந்த வழியாக நீர் இறங்கினால் பூச்சு ஓரத்தில் வெள்ளை வளையமாகக் கிளம்பும். மறுபடி சுரண்டி முதலிலிருந்து பூசுவதைத் தவிர வேறு வழியில்லை.