பாண்டில ஒரு பழைய பார்: கீழயே உக்காருங்க, மேல ஏறாதீங்க

பேர் போடல, மேல் மாடியப் பத்தி கொஞ்சம் திட்டப்போறேன், எதுக்கு வம்பு. பெரிய மார்க்கெட்லேர்ந்து நடக்கிற தூரம்னு மட்டும் வெச்சுக்குங்க. முன்னாடி ஒயின்ஷாப் கவுண்டர், பக்கத்துலயே ஒரு சந்து மாதிரி வழி, உள்ள போனா நீளமா ஒரு ஹால், மேல மெட்ராஸ் டெரஸ் கூரை, கருப்பாயிப்போன தேக்கு உத்தரம், அதுலேர்ந்து நீளக் கம்பியில தொங்குற ஃபேன்.

நான் கடலூர், மஞ்சக்குப்பம். பாண்டி போறேன்னாலே எங்க ஊர்ல ஒரு மாதிரி சிரிப்பாங்க. 20 சொச்சம் கிலோமீட்டர், பஸ் எல்லையில இருக்கற முள்ளோடை தாண்டுனதும் ஒயின்ஷாப் போர்டா வரும், பாதி பஸ் அங்கயே காலியாயிடும். இந்தப் பக்கம் டாஸ்மாக் மட்டுந்தான், அந்தப் பக்கம் தனியார் கடை, வரியும் வேற, அதான் விஷயம். 2020ல கொரோனா வரின்னு போட்டு விலைய நம்ம ஊர் அளவுக்கு ஏத்துனாங்களே, அப்போ கூட நான் இந்தக் கடைக்குப் போனேன், அதனால விலைக்காகப் போறவன்னு என்னச் சொல்லாதீங்க (கொஞ்சம் விலைக்காகவும்தான்).

கீழ் ஹால்ல பாட்டு கெடையாது, டிவி கெடையாது. சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போனா ஃபேன் சத்தமும் கவுண்டர்ல சில்லறை எண்ற சத்தமும்தான். மூலை டேபிள்ல ஒரு பெரியவர், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு, பாண்டில "சொல்தா"ன்னு சொல்லுவாங்க, ஒரே ஒரு கிளாஸ் ரெட் ஒயின வெச்சுக்கிட்டு ஒன்றரை மணி நேரம் உக்காந்திருப்பாரு, யாரும் அவர "வேற என்ன சார் வேணும்"னு கேக்க மாட்டாங்க. எனக்கு சர்வீஸ்னா அதுதான். ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள், அன்னிக்கு மட்டும் மெடல் குத்துன கோட்டோட வருவாரு, அன்னிக்கு ரெண்டு கிளாஸ்.

சைட் டிஷ் சொல்லணும்னா சுறா புட்டு. மத்த எடத்துல பூண்டு கம்மியா மிளகு அள்ளிப் போட்டு மீன் வாசனைய அமுக்குவாங்க, இங்க சின்ன வெங்காயமும் பூண்டும் சரிக்கு சரி, உதிரி உதிரியா, கைல எடுத்தா ஒட்டாது, ஏழு மணிக்கு மேல கேட்டா தீந்துபோச்சும்பாங்க. நெத்திலி வறுவல் நல்லாதான் இருக்கும். சுண்டல் சும்மா வரும். சில்லி சிக்கன் ஆர்டர் பண்ணாதீங்க, செவப்பா இருக்கு, அவ்ளோதான்.

இப்ப மெயின் மேட்டர். மொதல்ல போனப்ப எனக்குப் பெரிய கடுப்பு இன்னான்னா, காலி பாட்டில், காலி தட்டு எதையும் எடுக்கவே மாட்டாங்க. டேபிள் பூரா குப்பையா கெடக்கும், தண்ணி கிளாஸ் வைக்க எடம் இருக்காது. ஒரு தடவ நானே காலி பீர் பாட்டில எடுத்துக் கீழ வெச்சேன், வெள்ள சட்ட போட்ட அந்த அண்ணன், அறுபது வயசு இருக்கும், ஓடி வந்து "பாட்டில எடுக்காத தம்பி, அதான் கணக்கு"ன்னாரு. அப்பதான் புரிஞ்சுது. கெளம்பறப்போ ஒவ்வொரு பாட்டில் கழுத்தையும் பென்சிலால லேசா தட்டுவாரு, டிங், டிங், தட்டு ஓரத்துல ஒரு தட்டு, உதடு மட்டும் அசையும், அப்புறம் சட்டப் பாக்கெட்லேர்ந்து கிழிச்சு வெச்ச நேத்து தேதி நாள் காலண்டர் தாள எடுத்து பின்பக்கம் எழுதித் தருவாரு. முன்னாடி தேதி, நல்ல நேரம், ராகு காலம், பின்னாடி நம்ம பில்லு. இத்தன வருஷத்துல ஒரு ரூபா கூட தப்பு வந்ததில்ல. வரவும் முடியாது, சாட்சி எல்லாம் டேபிள் மேலயே நிக்குதே.

மேல் மாடி கதைய கேளுங்க. ஏ.சி. போட்டு, நீல லைட்டு போட்டு, சோபா போட்டு புதுசா தொறந்தாங்க. போன மாசம் மச்சான் சென்னைலேர்ந்து வந்தான், மாமா மேல போலாம்னான், போனோம். பையன் பையனா நாலு பேரு, ரொம்ப மரியாதையாதான் பேசறாங்க, குறை சொல்ல முடியாது, ஆனா கிளாஸ் காலியாகறதுக்குள்ள கைலேர்ந்து புடுங்காத குறையா எடுத்துட்டுப் போயிடறாங்க, பாட்டும் காதப் பொளக்குது, "என்ன மாமா"ன்னு மச்சான் கேட்டதுக்கு நான் மூணு தடவ "ஒண்ணுமில்ல"ன்னு கத்துனேன். கடைசில பில்லு வருது, நீளமா, பிரிண்ட் போட்டு. மூணு பீர் குடிச்சோம், அஞ்சுன்னு இருக்கு. இல்ல தம்பி மூணுதான்னா, "சிஸ்டத்துல அஞ்சு சார்"ங்கறான். பாட்டில காட்டுன்னா பாட்டில் எங்க, அப்பவே எடுத்துட்டுப் போயாச்சு. பத்து நிமிஷம் பேசி நாலுக்கு வந்தாங்க. நாலு எப்புடி வந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

அந்த பில்லுல சர்வீஸ் சார்ஜ்னு வேற தனியா ஒரு லைன். சாப்பாட்டுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. ஓகே, சரக்கு ஜி.எஸ்.டி.லயே வராது, அதுக்கு வேற வரி, அதுவும் ஓகே. சர்வீஸ் சார்ஜ் அரசாங்க வரி கெடையாது, நம்மளக் கேக்காம தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022லயே நுகர்வோர் ஆணையம் சொல்லிடுச்சு, 2025ல டெல்லி ஐகோர்ட்டும் அது சரிதான்னுடுச்சு. எடுங்கன்னு சொன்னேன், மேனேஜர் ஒரு வார்த்த பேசாம எடுத்துட்டாரு, அப்ப தெரிஞ்சேதான் போடறாங்க.

கீழ எல்லாம் சொர்க்கம்னு நெனைக்காதீங்க. பாத்ரூம் போறதுக்கு முன்னாடி மூச்ச நல்லா இழுத்துக்குங்க. "புகைபிடிக்காதீர்" போர்டு இருக்கு, 2008லேர்ந்து சட்டமும் இருக்கு, அந்த போர்டுக்கு நேர் கீழ உக்காந்துதான் பத்த வைப்பாங்க. பொம்பளைங்க வசதியா வந்து உக்கார்ற எடம் கெடையாது, அதுக்கு மட்டும் மேல் மாடி பரவால்ல. சனி, ஞாயிறு வெளியூர்க் கூட்டம், அந்த அண்ணனுக்கே உக்கார நேரம் இருக்காது, நமக்கு சுறா புட்டு எங்க கெடைக்கும்.

பைக்ல போகாதீங்க, மாட்டுனா 10,000 ரூபா. பஸ்ல போங்க, மிச்சம் இருக்கற சரக்க மடியில கட்டிட்டு வராதீங்க, ஆல்பேட்டை செக்போஸ்ட்ல எறக்கி விடுவாங்க.

இன்னொண்ணு, அந்த காலண்டர் தாள அங்கயே கிழிச்சுப் போட்டுட்டு வாங்க. நான் சட்டப் பையில மறந்துட்டேன், தொவைக்கப் போடறப்ப வீட்டுக்காரம்மா கைல சிக்கிச்சு. "செவ்வாக்கிழமை பாண்டில இன்னா வேல உனக்கு"ன்னு ஆரம்பிச்சாங்க. செவ்வாக்கிழமை நான் பாண்டிப் பக்கமே போகலன்னு சாமி படத்துல அடிச்சு சத்தியம் பண்ணேன். உண்மைதான, போனது புதன்கிழமை.