கார்டு மாற்றியும் வேகம் வரவில்லை: செயலியை மட்டும் மாற்றுவதா, அடித்தளத்தையே மாற்றுவதா?

பல ஆண்டுகள் உழைத்த ஜி.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, 2024-ஆம் ஆண்டின் நடுவில் என் கணினியில் ஓர் ஆர்.டி.எக்ஸ். 4070 கார்டைப் பொருத்தினேன். டர்பனில், சாட்ஸ்வர்த் வீட்டின் பின்னறையில் நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி அது: ரைசன் 5 3600 செயலி (கணினியின் மூளையான சி.பி.யு.), பி450 மதர்போர்டு, 16 ஜிபி டி.டி.ஆர்.4 ரேம், 1080பி திரை. அன்றிரவு அசெட்டோ கோர்சா காம்பெட்டிசியோனே என்ற கார் பந்தய விளையாட்டில் நம் தென்னாப்பிரிக்காவின் கயலாமி தடத்தைத் திறந்து, மற்றக் கார்களின் கூட்டத்துக்கு நடுவே தொடக்கக் கோட்டில் நின்றபோது, திரையின் மூலையில் இருந்த எஃப்.பி.எஸ். எண் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) 55-க்கும் 60-க்கும் இடையே தள்ளாடியது. படத்தின் அழகு கூடியிருந்தது உண்மைதான். ஆனால் பழைய கார்டில் அமைப்புகளைக் குறைத்து வைத்து ஆடியபோதும் ஏறத்தாழ அதே எண்ணைத்தான் பார்த்திருந்தேன்.

இத்தகைய ஏமாற்றத்துக்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணங்களை விரைவாகக் கடந்துவிடலாம். திரையின் கேபிள் மதர்போர்டில் அல்லாமல் கார்டில்தான் செருகப்பட்டிருந்தது. விண்டோஸ் அமைப்பில் திரை 144 ஹெர்ட்ஸில் இருந்தது. பழைய டிரைவரை டி.டி.யு. கருவியால் முற்றிலும் நீக்கிய பிறகே புதியதை நிறுவினேன். ஓர் இடத்தில் மட்டும் தவறு என்னுடையது: ரேமின் மேல் 3200 என்று அச்சிட்டிருந்தும், பயோஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளில்) ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பு அணைந்து கிடந்ததால், எத்தனை மாதங்களாகவோ அது 2400-இல் ஓடிக்கொண்டிருந்தது. ரைசன் 3000 வரிசையில் செயலியின் உட்பகுதிகளை இணைக்கும் பாதையின் வேகம் ரேமின் வேகத்தோடு பிணைந்திருப்பதால், அதைச் சரிசெய்ததும் ஐந்தாறு எஃப்.பி.எஸ். கூடியது. போட்ட பணத்துக்கு அது போதாது.

குற்றவாளி யார் என்பதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. விளையாட்டின் தெளிவுத்திறனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். கார்டு திணறிக்கொண்டிருந்தால் எண் துள்ளி ஏறும். செயலி திணறினால் எண் அசையாது. எனக்கு அசையவில்லை. கார்டின் வேலையை அளந்து காட்டும் எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரில் அதன் பயன்பாடு பாதியைக்கூடத் தொடாமல் நின்றது. செயலியின் மொத்தப் பயன்பாடும் பாதிக்குக் கீழேதான் இருந்தது என்பதால் பலர் இங்கே ஏமாந்துபோகிறார்கள். அது 12 இழைகளின், அதாவது செயலி ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைத் தொடர்களின், சராசரி. விளையாட்டின் முக்கிய வேலை ஓரிரு இழைகளில்தான் நடக்கிறது. கோயில் அன்னதானத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாக நின்றாலும் கரண்டி ஒருவர் கையில் மட்டும் இருந்தால், பந்தி அவர் வேகத்தில்தான் நகரும்.

ஆக, கார்டுக்கு ஈடுகொடுக்கும் செயலி வேண்டும் என்பது தெளிவாயிற்று. அதற்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, அதே ஏ.எம்.4 மதர்போர்டில் (ஏ.எம்.4, ஏ.எம்.5 என்பவை செயலி உட்காரும் பொருத்தியின் வகைகள்) அதே ரேமை வைத்துக்கொண்டு, ரைசன் 7 5700எக்ஸ்3டி செயலியை மட்டும் வாங்கிப் பொருத்துவது. இரண்டாவது, ஏ.எம்.5 அடித்தளத்துக்குத் தாவி, ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டி.டி.ஆர்.5 ரேம் என மூன்றையும் ஒருசேர வாங்குவது. அப்போது விசாரித்த வரையில் முதல் வழிக்கு ஏறத்தாழ 5,000 ரேண்டும், இரண்டாவதற்கு அதைப்போல இரு மடங்குக்கும் மேலும் தேவைப்பட்டன. நான் முதல் வழியில் போனேன். என் மைத்துனர் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் தம் வீட்டில் இரண்டாம் வழியில் போனார். அவருடைய கணினியைப் பூட்டக் கூட இருந்தும், சில சனிக்கிழமைகள் அதில் ஆடியும் கிடைத்த அனுபவம்தான் இரண்டாம் வழியைப் பற்றி எனக்கு இருப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

5700எக்ஸ்3டி-யின் விவரப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அதை வாங்கவே தயங்குவார். அதன் உச்ச வேகம் 4.1 கிகாஹெர்ட்ஸ், நான் கழற்றிய 3600-இன் உச்ச வேகமோ 4.2. வித்தியாசம் முழுவதும் செயலிக்குள்ளேயே இருக்கும் உள்நினைவகத்தில் (கேஷ்) இருக்கிறது. 3600-இல் மூன்றாம் நிலை உள்நினைவகம் 32 எம்பி என்றாலும் அது 16, 16 என இரண்டாகப் பிரிந்து, மூன்று மூன்று கோர்களுக்கு (கணக்கிடும் அலகுகளுக்கு) ஒரு பங்காக நிற்கிறது. 5700எக்ஸ்3டி-யிலோ எட்டுக் கோர்களும் 96 எம்பியைப் பொதுவில் ஆள்கின்றன. அதில் 64 எம்பி, செயலிச் சில்லின் மேல் இன்னொரு சில்லாக அடுக்கப்பட்டது. அத்தனை கார்களின் இருப்பிடம், டயர், மோதல் ஆகியவற்றை நொடிதோறும் பலமுறை கணக்கிடும் ஒரு விளையாட்டில், தேவையான தரவு ரேம் வரை போய் வராமல் பக்கத்திலேயே கிடைப்பதுதான் பெரிய ஆதாயம். ரேம் வரை போகும் பயணமே குறைந்துவிடுவதால், பழைய டி.டி.ஆர்.4 ரேமின் மந்தமும் அவ்வளவாக உறுத்துவதில்லை. பழையதை வைத்துக்கொண்டே இந்த வழியில் போக முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாற்றிய பிறகு அதே கயலாமித் தொடக்கக் கோட்டில் எண் 95-ஐ ஒட்டி நின்றது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, மிக மோசமான ஒரு விழுக்காட்டுத் தருணங்களின் எஃப்.பி.எஸ். 40-ஐ ஒட்டியிருந்த நிலையிலிருந்து 70-ஐத் தாண்டியதுதான். முதல் வளைவில் கார்கள் மொய்க்கும்போது கண்ணில் குத்திய அந்தத் திக்கல் போயிற்று. தனியாக ஒரு சுற்று ஓட்டினால் கார்டின் பயன்பாடு இப்போது 97 விழுக்காடு வரை ஏறுகிறது. மைத்துனரின் கணினியில் கார்டு வேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் வைக்க மாட்டேன். கார்கள் நெருக்கும் இடங்களில் அவருடையதும் திக்காமல் ஓடியது என்பது மட்டும் கண்ணால் பார்த்தது.

பொருத்தும் வேலையில் இரண்டு வழிகளுக்கும் தனித்தனித் தொல்லைகள் உண்டு. என் வழியில் முதலில் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். பழைய செயலி இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது முக்கியம். 2024 மார்ச் 26-க்குப் பிறகு, முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் லோட் ஷெடிங் அப்போது நின்றிருந்தாலும், எங்கள் பகுதியில் மின்சாரம் சொல்லாமல் போவது நின்றபாடில்லை. பயோஸ் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் மதர்போர்டு வெறும் தட்டாகிவிடலாம் என்பதால், மின்வெட்டு நேரங்களைச் சொல்லும் எஸ்காம்-சே-புஷ் என்ற கைப்பேசி ஆப்பை ஒருமுறை பார்த்துவிட்டு, கணினியை இன்வெர்ட்டரில் செருகிய பிறகே அந்த வேலையில் இறங்கினேன். புதுப்பித்ததும் எக்ஸ்.எம்.பி. மறுபடி அணைந்துவிட்டது, இதைக் கவனிக்காமல் புதிய செயலியைப் பழிப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். செயலி மாறியதும், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்.டி.பி.எம். பகுதியை மீட்டமைக்கவா என்ற கேள்வி கறுப்புத் திரையில் வந்து நிற்கும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் வைத்திருப்பவர்கள் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

கூலரைக் கழற்றும்போது ஒரு விபத்தும் நடந்தது. ஏ.எம்.4 செயலிகளில் ஊசிகள் செயலியின் அடியிலேயே இருக்கின்றன. செயலிக்கும் கூலருக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசிய பேஸ்ட் காய்ந்துபோய்ப் பசைபோல் பிடித்துக்கொள்ள, கூலரை நேராக மேலே இழுத்தேன். பூட்டு மூடியிருக்கும்போதே 3600 அதோடு பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தது. ஓரத்தில் இரண்டு ஊசிகள் சாய்ந்திருந்தன. கரிமுனையை எடுத்துவிட்ட மெக்கானிக்கல் பென்சிலின் குழல் முனையை ஒவ்வொரு ஊசியிலும் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்த்தினேன். கணினியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பேஸ்ட் சூடாக இருக்கும்போதே கூலரை இடமும் வலமும் திருகித் தளர்த்திய பிறகு எடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது. ஏ.எம்.5-இல் ஊசிகள் மதர்போர்டின் பக்கம் போய்விட்டதால் இந்த ஆபத்து இல்லை.

அங்கே உள்ள தொல்லை வேறு. மைத்துனர் முதன்முறை பொத்தானை அழுத்தியபோது, மின்விசிறிகள் சுற்ற, திரை மட்டும் இருண்டே கிடந்தது. “அத்தான், போர்டு போயிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவர் அணைக்கப் போனார், கையைப் பிடித்துத் தடுத்தேன். டி.டி.ஆர்.5 ரேமை மதர்போர்டு பழக்கிக்கொள்ளும் அந்த முதல் தடவைக்குச் சில நிமிடங்கள் ஆகும். ரைசன் 7600-க்குள்ளேயே ஒரு சிறிய கிராபிக்ஸ் பகுதி இருப்பது கார்டு பழுதானால் கைகொடுக்கும். ஆனால் அதே வசதி ஒரு பொறியும் ஆகிறது. திரையின் கேபிளைத் தவறி மதர்போர்டில் செருகினாலும் படம் வந்துவிடுவதால், ஆட்டம் ஏன் நொண்டுகிறது என்று விளங்காமல் நாள் கணக்கில் அலைய நேரலாம். 3600-இலோ 5700எக்ஸ்3டி-யிலோ அப்படிச் செருகினால் திரையில் ஒன்றுமே வராது. தவறு அங்கேயே பிடிபடும். கூலர் இரண்டு அடித்தளங்களுக்கும் பெரும்பாலும் பொதுவானது. மின்செலவிலும் சொல்லத்தக்க வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இவை எதுவும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானித்தது, கழற்றிய பொருளை என்ன செய்வது என்ற கேள்வி. விலையை ஒப்பிடும்போது நாம் வாங்குவதை மட்டும் கூட்டுகிறோம். வீட்டில் மிஞ்சுவது என்ன, அது பணமாகுமா என்பதை மறந்துவிடுகிறோம்.

என் வழியில் மிஞ்சியது ஒரே ஒரு செயலி. 2017-லிருந்து பல ஆண்டுகள் ஏ.எம்.4 மதர்போர்டுகள் ஏராளமாக விற்றிருப்பதால், ரைசன் 1600, 2600 போன்ற முதல் இரண்டு தலைமுறைச் செயலிகளோடு இன்னும் காலம் தள்ளுபவர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு 3600 என்பதே ஒரு முன்னேற்றம். விளம்பரம் போட்ட வாரத்துக்குள், டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டிலிருந்து ஒரு மாணவர் வந்தார். பிளாஸ்டிக் கூட்டிலிருந்த செயலியைத் தலைகீழாகத் திருப்பி, கைப்பேசியின் விளக்கை அடித்து, ஊசி வரிசைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தார். நிமிர்த்திய இரண்டு ஊசிகளையும் நானே காட்டி 200 ரேண்டைக் குறைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அடங்கும் பொருள் என்பதால் கொடுக்கல் வாங்கல் பத்து நிமிடத்தில் முடிந்தது. என் புதிய செயலியின் விலையில் ஒரு நல்ல பங்கு அதில் திரும்பி வந்தது.

மைத்துனருக்கு மிஞ்சியது ஒரு மதர்போர்டு, அதன்மேல் ரைசன் 2600, இரண்டு டி.டி.ஆர்.4 துண்டுகள். மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு கணினி என்று தோன்றும். விற்கப் போகும்போதுதான் அது அரைக் கணினி என்பது புரிகிறது. கேட்டு வந்த ஒவ்வொருவரும் ஓடிக் காட்டச் சொன்னார்கள். 2600-க்குள் கிராபிக்ஸ் பகுதி கிடையாது; ஓடிக் காட்ட வேண்டுமென்றால் கார்டு வேண்டும்; அந்தக் கார்டு புதிய கணினிக்குள் இருந்தது. அதைத் திறந்து, கார்டைக் கழற்றி, மின் வழங்கியின் கம்பிகளை இழுத்து மேசைமேல் பழைய போர்டில் மாட்டி, படம் வந்ததைக் காட்டிய பிறகு, வந்தவர் விலையைப் பாதியாகக் கேட்டுவிட்டுப் போனதை நான் உடனிருந்து பார்த்தேன். இரண்டாவது முறையும் அப்படியே நடந்ததும் அவர் போர்டை அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று மாதம் கழித்து, சாட்ஸ்வர்த்தில் ஒருவர் பார்க்காமலே எடுத்துக்கொள்கிறேன் என்றபோது, கிடைத்த விலைக்குக் கொடுத்தார். டர்பன் கடற்காற்றில் அலமாரியில் கிடக்கும் மின்னணுப் பொருள் மாதத்துக்கு மாதம் மதிப்பு இழப்பதோடு ஈரத்தையும் வாங்கிக்கொள்கிறது என்பதால், இன்னும் காத்திருப்பதிலும் பொருளில்லை.

விண்டோஸ் உரிமமும் இதே கணக்கில் சேரும். அது மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், போர்டை மாற்றிய அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை முன்னரே இணைக்காமல் விட்டதற்காக ஒரு மாலை முழுவதும் அலைந்தார். எனக்கு விண்டோஸ் எதுவும் நடக்காததுபோல் திறந்துகொண்டது.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் எதிர்காலம் பற்றியது. அதை மறுக்க மாட்டேன். ஏ.எம்.4-இல் விளையாட்டுக்கென்று இதற்குமேல் தாவ இடமில்லை, ஏ.எம்.5-ஐ 2027-க்குப் பின்னும் ஆதரிப்போம் என்று ஏ.எம்.டி. அறிவித்திருக்கிறது. மைத்துனர் நாளை நான் செய்ததைப் போலவே செயலியை மட்டும் மாற்றி இன்னொரு சுற்று ஓடலாம். எனக்கு அடுத்த முறை எல்லாவற்றையும் மாற்றியே ஆக வேண்டும். மலிவான ஏ320 போர்டு வைத்திருப்பவர்களும், 8 ஜிபி ரேமோடு இருப்பவர்களும் நான் போன வழியில் போவதற்கு முன் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். 1440பி திரையில் ஆடுபவர்களுக்குச் சுமை கார்டின் பக்கம் சாய்வதால், எந்தச் செலவும் செய்யாமலே குறை பாதி மறைந்துவிடக்கூடும். என்னிடம் அத்தகைய திரை இல்லாததால் இதைப் பட்டறிவாகச் சொல்லவில்லை.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. நான் வாங்கியபோது எளிதாகக் கிடைத்த எக்ஸ்3டி ஏ.எம்.4 செயலிகள் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. பயன்படுத்தியவற்றுக்கும் விலை இறங்குவதாகத் தெரியவில்லை. மறுபக்கம், 2025-இன் இறுதியிலிருந்து ரேம் விலை எகிறியிருப்பதால் இரண்டாம் வழியின் செலவும் அன்றைய கணக்கைத் தாண்டிவிட்டது. எக்ஸ்3டி கிடைக்கவில்லையென்றால், 3600-இலிருந்து ரைசன் 5 5600-க்காவது போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் 32 எம்பி உள்நினைவகத்தையும் ஆறு கோர்களும் பிரிக்காமல் பொதுவில் ஆள்வதால் முன்னேற்றம் நிச்சயம் தெரியும். கயலாமித் தொடக்கக் கோட்டில் அது எவ்வளவு தெரியும் என்பதை அந்தச் செயலி வைத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.