ஒரே ஹோஸ்டிங், ஏகப்பட்ட லாட்ஜ் சைட்டு, நடுவுல கம்போசர்

முதல்லயே சொல்லிடறேன், இது பிஎச்பில சைட்டு எழுதுறவங்களுக்கான ரிவ்யூ, கம்போசரைப் பத்தி: ஒரு சைட்டுக்கு வேண்டிய பேக்கேஜை (பொதுவா எழுதி வச்ச கோடு) சரியான வெர்ஷன் பாத்து எறக்கித் தர்ற டூல். டாக்கர், குபர்னெட்டீஸ்னு பெரிய எடத்துல இருக்கவங்க படிச்சுட்டு சிரிச்சா தப்பில்ல. நான் கோத்தகிரில உக்காந்து ஹோம்ஸ்டே, லாட்ஜ், டீத்தூள் கடை, வர்க்கி போடற பேக்கரினு சின்னச் சின்ன சைட்டா பாத்துக்கற ஆளு. எல்லாமே ஒரே ஷேர்டு ஹோஸ்டிங் (பல பேர் பங்கு போட்டுக்கற சர்வர்) அக்கவுண்ட்ல, ஒரே சிபேனல்ல (அதைக் கையாளற கண்ட்ரோல் பேனல்) தான் ஓடுது, ஏன்னா ஆளுக்கு ஒரு விபிஎஸ் (தனி சர்வர் மாதிரி) எடுத்துக்கங்கனு சொன்னா எந்த ஓனரும் "சரி தம்பி"னு காசு எடுத்து வைக்க மாட்டாரு.

எல்லா சைட்டுக்கும் ஒரே மாதிரி கொஞ்சம் கோடு வேணும்: ரூம் வாடகை கணக்கு, ஜிஎஸ்டி, யுபிஐ க்யூஆர், ஏர்பிஎன்பி காலண்டரை இழுத்துட்டு வர்ற ஐகேல் ஃபீடு, அப்புறம் மலைக்கு வண்டில வர்றவங்க எடுக்க வேண்டிய இ-பாஸ் பத்தின அறிவிப்பு. இதை எங்க வைக்கறது, எப்படிப் பிரிச்சு வைக்கறது, அதுக்கு கம்போசர் எவ்வளவு உதவுதுங்கறது தான் இந்த ரிவ்யூ.

எனக்கு முன்னாடி இந்த சைட்டுகளைப் பாத்துட்டு இருந்தவரு ஹோம் டைரக்டரில காமன்னு ஒரு ஃபோல்டர் போட்டு, எல்லா சைட்டும் அதையே ரிக்வயர் பண்ற (அந்த ஃபைலையே எடுத்து ஓட்டற) மாதிரி வச்சிருந்தாரு. ஒரு எடத்துல மாத்தினா எல்லா எடத்துலயும் மாறும், கேக்க நல்லாத்தான் இருக்கும். பிரச்சனையும் அதே தான், எல்லா எடத்துலயும் மாறும். காலைல ஊட்டி லாட்ஜுக்காக ஒரு ஃபங்ஷன்ல இன்னொரு பாராமீட்டர் சேத்தா மத்தியானம் குன்னூர் ஹோம்ஸ்டேல புக்கிங் ஃபார்ம் வேலை செய்யாது, அதை ஓனர் கண்டுபிடிக்க மாட்டாரு, சனிக்கிழமை ராத்திரி கீழ பெங்களூர்லேந்து கெளம்பி வர்ற கெஸ்ட் தான் கண்டுபிடிப்பாரு. அதுவும் மே மாசம் மலர் கண்காட்சி சமயத்துலனா கேக்கவே வேணாம்.

இதுக்கு மருந்தா கம்போசர். 2012ல வந்தது, நில்ஸ் ஆடர்மான், ஜோர்டி பொஜ்ஜியானோ ரெண்டு பேரும் ஆரம்பிச்சாங்க, 1.0 வெர்ஷன் 2016ல, 2.0 வெர்ஷன் 2020 அக்டோபர்ல. எம்ஐடி லைசென்ஸ், காசு கிடையாது. இதை நெறைய பேரு "லைப்ரரி டவுன்லோட் பண்ற கமாண்டு"னு மட்டும் தான் நெனச்சுட்டு இருக்காங்க. ஆனா இதோட நெஜமான குணம் என்னன்னா, லினக்ஸ்ல சாஃப்ட்வேர் போடற ஆப்ட் மாதிரி சர்வர் முழுக்க ஒரே காப்பி போடறது இதோட பழக்கமே இல்ல. ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனியா ஒரு வெண்டார் ஃபோல்டர், எறக்கின பேக்கேஜெல்லாம் அதுல தான். ரூபியோட பண்ட்லர், நோடோட என்பிஎம் ரெண்டையும் பாத்து வந்த யோசனை அது. ஒரே சர்வர்ல பல ஆப் வச்சிருக்கறவனுக்கு இந்த ஒரு குணம் போதும், மத்ததெல்லாம் போனஸ்.

ஏன்னா ஷேர்டு சர்வர்ல சைட்டுக்கு சைட்டு பிஎச்பி வெர்ஷனே வேற வேறயா இருக்கும். ஒரு பழைய டீத்தூள் கடை சைட்டு இன்னும் 7.4ல நிக்குது (அதுக்கு சப்போர்ட் 2022 நவம்பர்லயே முடிஞ்சு போச்சு, ஓனர்கிட்ட சொல்லியாச்சு, "ஓடுதுல்ல தம்பி"ங்கறாரு), பக்கத்து ஃபோல்டர்ல இருக்க லாட்ஜ் சைட்டு 8.2. காமன் ஃபோல்டர்ல இருக்க ஃபைல்ல யாராவது ஆசையா ஒரு மேட்ச் எக்ஸ்ப்ரஷன் எழுதினா 7.4க்கு அது புரியாது, பார்ஸ் எரர், வெள்ளைப் பக்கம். கம்போசர்ல அந்த பேக்கேஜோட கம்போசர் டாட் ஜேசன்லயே (என்னென்ன வேணும்னு எழுதற ஃபைல்) எனக்கு 8.1 வேணும்னு எழுதி வச்சுட்டா, டீத்தூள் கடை சைட்டுல அந்த வெர்ஷன் இன்ஸ்டாலே ஆகாது, பழைய வெர்ஷனே போதும்னு அது பாட்டுக்கு ஓடும். என் லேப்டாப்ல 8.3 இருந்தாலும் அந்த ப்ராஜெக்டோட கான்ஃபிக்ல பிளாட்ஃபார்ம் பிஎச்பி 7.4னு போட்டுட்டா அதுக்கு ஏத்த மாதிரி தான் வெர்ஷன் தேடும். இதை போடாம விட்டு சர்வர்ல போய் முழிக்கறவங்க தான் ஜாஸ்தி.

ஜிஎஸ்டி விஷயம் தான் எனக்கு இதோட அருமையைக் காட்டினது. 2022 ஜூலை 18லேந்து நாளுக்கு 1,000 ரூவாய்க்குள்ள இருக்க ரூமுக்கும் 12 சதவீதம்னு ஆச்சு, அப்புறம் 2025 செப்டம்பர் 22லேந்து 7,500 ரூவா வரைக்கும் 5 சதவீதம், இன்புட் டாக்ஸ் கிரெடிட் (வாங்கினதுக்கு கட்டின வரியைக் கழிச்சுக்கறது) கிடையாது, அதுக்கு மேல போனா 18. சரி, ஒரு நம்பர் மாத்தினா முடிஞ்சுதுனு தோணும். முடியாது. பழைய பில்லை ஆடிட்டர் மறுபடி பிரிண்ட் கேட்டா பழைய ரேட்டு தான் வரணும், அதனால தேதியைப் பாத்து ரேட்டு எடுக்கணும். ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷனே இல்லாத சின்ன ஹோம்ஸ்டேக்கு அந்த வரியே பில்லுல வரக்கூடாது. இதையெல்லாம் ஒரு தனி கிட் ரெப்போல (கோடோட ஒவ்வொரு மாத்தத்தையும் சேத்து வைக்கற எடம்) பேக்கேஜா எழுதி, டெஸ்ட் போட்டு, 2.0.0னு டேக் (வெர்ஷன் பேரு) அடிச்சேன். அப்புறம் ஒவ்வொரு சைட்டா, எனக்கு நேரம் கெடைக்கறப்ப, ஒரு சைட்டு ஏத்தி பில் எடுத்துப் பாத்து, அடுத்தது. ரெஜிஸ்ட்ரேஷன் இல்லாத எடங்கள் 1.x லயே நின்னுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. காமன் ஃபோல்டரா இருந்திருந்தா ராத்திரி பன்னண்டு மணிக்கு எல்லாத்துக்கும் ஒரே அடியா மாத்திட்டு சாமியைக் கும்பிட்டுட்டு படுத்திருக்கணும்.

வெர்ஷன் நம்பர்ல ஒரு ஒழுக்கம் வேணும், அது கம்போசர் தராது, நம்மளே கடைப்பிடிக்கணும். ^1.4னு போட்டா 1.4லேந்து 2.0க்கு முன்னாடி வரைக்கும் எது வந்தாலும் எடுத்துக்கும், அதை நம்பித்தான் எல்லாமே. ஃபங்ஷன் பேரை மாத்திட்டு 1.4.1னு டேக் அடிச்சீங்கன்னா நீங்களே உங்களுக்கு ஆப்பு.

அடுத்து, எதை பேக்கேஜுக்குள்ள வைக்கறது எதை வெளிய வைக்கறதுங்கறது. என்னோட கணக்கு ரொம்ப சிம்பிள், விதி உள்ள, வீட்டு விவரம் வெளிய. வாடகை எப்படிக் கணக்கு பண்றதுங்கறது பேக்கேஜ்ல இருக்கலாம், எந்த ரூம் எவ்வளவுங்கறது அந்தந்த சைட்டோட கான்ஃபிக்ல தான். நான் சொன்ன அந்தப் பழைய காமன் ஃபோல்டர்ல ஒரு கான்ஃபிக் ஃபைல் இருந்துச்சு, அதுல டொமைன் பேரைப் பாத்து இஃப், எல்ஸ் இஃப்னு எல்லா ஓனரோட யுபிஐ ஐடியும் வரிசையா. ஒரு சைட்டுக்கு டபிள்யூ டபிள்யூ டபிள்யூ இல்லாத பேரை சேக்க மறந்துட்டாரு, அது நேரா கடைசி எல்ஸுக்குப் போயி, க்யூஆர்ல வேற ஓனரோட யுபிஐ ஐடி. ஒருத்தர் ரூமுக்கு கட்டற அட்வான்ஸ் இன்னொருத்தர் அக்கவுண்டுக்கு! டெஸ்ட் பண்றப்பவே கண்ணுல பட்டுச்சு, இல்லன்னா ஊர்ல பஞ்சாயத்து ஆகியிருக்கும். இப்ப என் க்யூஆர் பேக்கேஜுக்குள்ள ஒரு ஐடி கூட கிடையாது, குடுக்காம கூப்ட்டா எக்ஸப்ஷன் எறியும் (எரர் காட்டி நின்னுடும்), டீஃபால்ட்னு ஒண்ணு வைக்கவே இல்ல.

இ-பாஸ் அறிவிப்பும் இதே கதை. ஐகோர்ட் உத்தரவுல 2024 மே 7லேந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், 2025 ஏப்ரல்லேந்து சீசன் முடியற வரைக்கும் இங்க வார நாள்ல 6,000 வண்டி, வாரக்கடைசில 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000னு கட்டுப்பாடு வச்சாங்க. வாசகமும் நம்பரும் அடிக்கடி மாறுது, எல்லா சைட்டுலயும் வேணும், ஆனா மலைக்கு மலை நம்பர் வேற. பேக்கேஜ்ல டெம்ப்ளேட், சைட்ல மலை பேரு, அவ்வளவு தான்.

இப்ப குறைகளுக்கு வரேன். கம்போசர்ல பாத் ரெப்போசிட்டரினு ஒண்ணு இருக்கு, அதே மெஷின்ல இருக்க ஃபோல்டரையே பேக்கேஜா காட்டலாம். நம்ம லேப்டாப்ல டெவலப் பண்றப்ப அருமை. ஆனா அது முடிஞ்ச வரைக்கும் காப்பி பண்ணாது, சிம்லிங்க் (அசல் எடத்துக்கு ஒரு குறுக்கு வழி) தான் போடும். ஷேர்டு சர்வர்ல இதை அப்படியே விட்டீங்கன்னா வெண்டார்னு பேரு மட்டும் தான் தனி, உள்ள போனா அதே பழைய காமன் ஃபோல்டர். கூடவே ஓபன் பேஸ்டிர் கட்டுப்பாடு இருக்க ஹோஸ்டிங்ல லிங்க்கோட நெஜ எடத்தைத் தான் பாக்கும், அது அந்த சைட்டோட எல்லைக்கு வெளிய இருந்தா ஃபைலைத் திறக்கவே விடாது. சிம்லிங்க் ஃபால்ஸ்னு போட்டா காப்பி ஆகும். அதை விட பேசாம கிட் ரெப்போவை விசிஎஸ் (வெர்ஷன் கன்ட்ரோல்) டைப்பா காட்டி டேக்லேந்து எடுக்கறது தான் எனக்கு சரிப்பட்டு வருது. பேக்கேஜிஸ்ட்ல (கம்போசரோட பொது பேக்கேஜ் கிடங்கு) பப்ளிக்கா போடணும்னு அவசியமே இல்ல.

மெமரி விஷயத்துல 1.x காலத்துல ஷேர்டு ஹோஸ்டிங்ல அப்டேட் குடுத்தாலே ப்ராசஸ கொன்னுடுவாங்க, 2.0 அதுல ரொம்பவே தேறிடுச்சு. இருந்தாலும் சர்வர்ல அப்டேட் குடுக்கவே கூடாதுங்கறது என் கட்சி. அப்டேட் நம்ம மெஷின்ல, அங்க உருவான கம்போசர் டாட் லாக் ஃபைலை கிட்ல போட்டு, சர்வர்ல வெறும் இன்ஸ்டால் மட்டும். லாக்ல என்ன இருக்கோ அதே வெர்ஷன் அப்படியே வரும், தேடற வேலையே இல்லாததால மெமரியும் கம்மி. எஸ்எஸ்ஹெச் (தூரத்துலேந்து கமாண்டு அடிக்கற வழி) குடுக்காத ஹோஸ்டிங், வேற ப்ரோக்ராமை ஓட்ட விடற ப்ராக் ஓபன் ஃபங்ஷனை மூடி வச்சிருக்க ஹோஸ்டிங் இன்னும் இருக்கு. அங்க வெண்டாரோட சேத்து ஜிப் போட்டு ஏத்தி ஃபைல் மேனேஜர்ல பிரிக்கறது தான் வழி, எஃப்டிபில ஆயிரக்கணக்கான குட்டி ஃபைலை ஒண்ணொண்ணா ஏத்தறதுக்கு பஸ்ல மேட்டுப்பாளையம் போயிட்டே வந்துரலாம்.

மலைல இருக்கவங்களுக்குனே ஒரு விஷயம். காத்து மழைல மரம் விழுந்து ஃபைபர் கட்டானா மணிக்கணக்குல நெட் இருக்காது. முன்னாடியே ஒரு தடவை எறக்கின பேக்கேஜெல்லாம் கம்போசர் கேஷ்ல இருக்கும், கம்போசர் டிஸேபிள் நெட்வொர்க்னு ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கு, அதை 1னு வச்சுட்டு இன்ஸ்டால் குடுத்தா லாக்ல இருக்கறதை கேஷ்லேந்தே எடுத்துப் போடும். எனக்கு இது பல மழை நாள்ல சோறு போட்டிருக்கு.

எடம் தான் பெரிய அடி. ஒவ்வொரு சைட்டுக்கும் தனி வெண்டார்னா அதே லைப்ரரி அத்தனை தடவை டிஸ்க்ல. பில்லுல தமிழ் எழுத்து ஒழுங்கா வரணும்னு எம்பிடிஎஃப்னு ஒரு பிடிஎஃப் லைப்ரரி வச்சிருக்கேன் (இன்னொரு லைப்ரரியான டாம்பிடிஎஃப்ல கொம்பும் காலும் எடம் மாறி நிக்கும்), அதோட ஃபாண்ட் ஃபைலே செம வெயிட்டு. ஷேர்டு ஹோஸ்டிங்ல ஜிபி கணக்கு ஒரு பக்கம், ஃபைல் எண்ணிக்கைக்கு ஐநோடு லிமிட்டு இன்னொரு பக்கம், அது தான் முதல்ல முட்டும். ஓப்கேஷும் (கம்பைல் ஆன பிஎச்பி கோடை மெமரில வைக்கறது) ஃபைல் இருக்க பாதையை வச்சுத்தான் சேக்கும், ஆக ஒரே கோடு பல தடவை மெமரில உக்காந்திருக்கும். பிரிச்சு வைக்கறதுக்குக் குடுக்கற வாடகைனு நான் இதை ஏத்துக்கறேன், ஒத்துவராதவங்களும் இருப்பாங்க.

வேர்ட்பிரஸ் ஆளுங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தப் பிரிப்பு சைட்டுக்கும் சைட்டுக்கும் நடுவுல தான். ஒரே சைட்டுக்குள்ள ரெண்டு ப்ளகின் ஆளுக்கு ஒரு வெண்டாரோட வந்து ரெண்டுலயும் கஸில்ங்கற லைப்ரரி வேற வேற வெர்ஷன்ல இருந்தா, எது முதல்ல லோடு ஆகுதோ அது தான், பிஎச்பி ஒரே பேர்ல ரெண்டு கிளாஸை வச்சுக்காது. அதுக்கு பிஎச்பி ஸ்கோப்பர் மாதிரி, கிளாஸ் பேருக்கு முன்னாடி வர்ற நேம்ஸ்பேஸையே மாத்தற டூல் வேணும், அது தனி தலைவலி.

கொடைக்கானல்ல இதே தொழில் பண்ற நண்பர் ஒருத்தர் கிட் சப்மாட்யூல் (ஒரு ரெப்போக்குள்ள இன்னொரு ரெப்போவை வைக்கறது) தான் பெஸ்டுனு அடிச்சு சொல்வாரு. "ப்ரோ, கம்போசர் இல்லாமயே ஆகுது, எதுக்கு இன்னொரு லேயர்"பாரு. ஒரே ஒரு பொது ரெப்போ, அதுக்கு வேற எதுவும் தேவையில்லனா அவர் சொல்றது சரி தான். ஆனா பில் பேக்கேஜுக்கு எம்பிடிஎஃப் வேணும், க்யூஆர் பேக்கேஜுக்கு வேற ஒண்ணு வேணும்னு ஆனவுடனே யாருக்கு எந்த வெர்ஷன்னு சப்மாட்யூலுக்குத் தெரியாது. கம்போசர்ல ஒய் நாட்னு கமாண்டு குடுத்தா இந்த வெர்ஷன் ஏன் ஏறாது, யாரு தடுக்கறாங்கனு பேரோட சொல்லும். எரர் மெசேஜ் மட்டும் இன்னும் வக்கீல் நோட்டீஸ் மாதிரி தான் இருக்கு, பழகணும்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். காசு குடுத்து ப்ரைவேட் பேக்கேஜிஸ்ட் வாங்கற அளவுக்கு நம்ம மாதிரி ஆளுக்குத் தேவை இல்ல, சொந்தமா சேட்டிஸ் (நம்ம பேக்கேஜுக்கு நாமளே வைக்கற கிடங்கு) அமைக்கறதும் பேக்கேஜ் நெறைய ஆனப்பறம் யோசிச்சா போதும். ப்ரைவேட் ரெப்போனா ஆத் டாட் ஜேசன்ல டோக்கன் வைக்க வேண்டி வரும், அதுக்கு ரீட் பர்மிஷன் மட்டும் குடுங்க.

இன்னிக்கே போய் ஒண்ணு பாருங்க, உங்க வெண்டார் ஃபோல்டர் பப்ளிக் ஹெச்டிஎம்எல்க்குள்ள (வெளிய தெரியற ஃபோல்டர்) இருக்கா? டெஸ்ட் எழுதற டூலான பிஎச்பியூனிட்டோட பழைய வெர்ஷன்ல ஈவால் எஸ்டிடிஇன்னு ஒரு ஃபைல் இருந்துச்சு, வெண்டாரை வெளிய தெரியற மாதிரி வச்சவங்க சைட்டுல யாரு வேணாலும் கோடு ஓட்டலாம், 2017லயே வெளிய வந்த ஓட்டை, இன்னும் பாட் ப்ரோக்ராமுங்க அதைத் தேடி என் சைட்டைத் தட்டிட்டுத் தான் இருக்கு, சர்வர் பதிவுல தெரியுது. வெண்டாரை ஒரு படி மேல தூக்கி வைங்க, சர்வர்ல இன்ஸ்டால் குடுக்கறப்ப நோ டெவ் (டெவலப்புக்கு மட்டும் வேணுங்கற பேக்கேஜை விட்டுடும்) போடுங்க, கம்போசர் 2.4லேந்து ஆடிட்னு ஒரு கமாண்டு வந்திருக்கு, எந்த பேக்கேஜ்ல தெரிஞ்ச ஓட்டை இருக்குனு அதுவே பட்டியல் போட்டுக் குடுக்கும். ஒரே அக்கவுண்ட்ல எல்லா சைட்டும் இருக்கறப்ப ஒண்ணுல பூந்தவன் பக்கத்து ஃபோல்டருக்கும் போயிருவான், அங்க வெண்டாரைத் தனித்தனியா வச்சிருந்தாலும் எல்லாத்துக்கும் யூசர் ஒண்ணு தான்.