கப்பல் மோட்டாருக்கு தைரிஸ்டரா, ஐஜிபிடியா?

கடலூர் சிப்காட்டில் பம்பு டிரைவ்களோடு (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகள்) பழகிவிட்டு கப்பலுக்கு எலக்ட்ரிகல் வேலைக்குப் போகிற தம்பிகள் அடிக்கடி கேட்பது: அங்கே இன்னும் ஏன் தைரிஸ்டர்? தைரிஸ்டர், ஐஜிபிடி இரண்டுமே டிரைவுக்குள் கரண்டை ஆன், ஆஃப் செய்யும் செமிகண்டக்டர் ஸ்விட்சுகள்தான்.

தைரிஸ்டரை கேட்டில் (அதன் கட்டுப்பாட்டு முனையில்) பல்ஸ் கொடுத்து ஆன் செய்யலாம், ஆஃப் செய்ய முடியாது. கரண்ட் பூஜ்யமானால்தான் அடங்கும். சின்க்ரனஸ் மோட்டார் நன்றாகச் சுற்றும்போது அதன் பேக் இஎம்எஃப்பே (சுற்றுவதால் மோட்டாரே உண்டாக்கும் வோல்டேஜ்) அந்த அணைக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். வேகம் சுமார் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வோல்டேஜ் போதாது, அப்போது டிசி லிங்க் (டிரைவின் நடுவே டிசி ஓடும் பகுதி) கரண்டை ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கு இறக்கித் திரும்ப ஏற்ற வேண்டும், ஷாஃப்டில் டார்க் (சுழற்றும் விசை) குலுங்கும், அதுவும் ஜெட்டியை ஒட்டி மெதுவாக நகரும் நேரத்தில்.

ஐஜிபிடிக்கு இந்தத் தொல்லையே இல்லை. நினைத்த நேரத்தில் அணைக்கலாம், நின்ற நிலையிலிருந்தே டார்க் சீராக வரும், இண்டக்‌ஷன் மோட்டாரும் போதும். பிரிட்டன் கடற்படையின் டைப் 45 கப்பல்களில் 20 மெகாவாட் மோட்டார்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

அதற்காக தைரிஸ்டரைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1987-ல் புது இன்ஜின்களோடு வந்த குயின் எலிசபெத் 2-வின் 44 மெகாவாட் மோட்டார்களைக் கிளப்பி வேகம் கூட்டியது தைரிஸ்டர்தான். ஓவர்கரண்டை நன்றாகத் தாங்கும், இழப்பும் குறைவு. ஆனால் சப்ளை பக்கம் பவர் ஃபேக்டரும் ஹார்மோனிக்ஸும் (சப்ளை அதிர்வெண்ணின் மடங்குகளில் வரும் தேவையற்ற அலைகள்) தலைவலி. 6 பல்ஸ் ரெக்டிஃபையரில் 5, 7-வது மடங்கு எல்லாம் வரும், 12 பல்ஸ் போட்டால் 11, 13-தான் மிஞ்சும்.

புதுக் கப்பல் என்றால் நான் ஐஜிபிடி பக்கம்தான். சரி, அதை எடுத்தால் ஒன்று கவனியுங்கள்: அது படுவேகமாக ஆன், ஆஃப் ஆவதால் வைண்டிங் இன்சுலேஷன் அடிவாங்கும், பேரிங் வழியாகவும் கரண்ட் பாயும். இன்சுலேட்டட் பேரிங்கும் ஷாஃப்ட் எர்த்திங் பிரஷ்ஷும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.