விசாரித்தேன், ஆனால் அவர் கொடுத்த நம்பரிலேயே விசாரித்தேன்

வீட்டை வாடகைக்கு விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் சாவியைக் கொடுங்கள். நான் ஒன்றும் விசாரிக்காமல் ஏமாந்தவன் இல்லை. அடையாள அட்டை நகல், 3 மாதச் சம்பளச் சீட்டு, முந்தைய வீட்டு ஓனரின் ஃபோன் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

வீடு 2 மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அந்தத் தவிப்பு என் முகத்திலேயே தெரிந்திருக்கும். வந்தவர் 3 மாத வாடகையை மொத்தமாக முன்னாடியே தருவதாகச் சொன்னார். வீட்டைப் பார்த்து முடிக்க 5 நிமிஷம்கூட ஆகவில்லை. குழாயைத் திறக்கவில்லை, ஜன்னலைத் தள்ளிப் பார்க்கவில்லை, பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. "சாவி எப்ப சார் கிடைக்கும்?" அவ்வளவுதான். அங்கே குடியிருக்கப் போகிறவன் அப்படியா பார்ப்பான்? எனக்கு உறைக்கவில்லை. தொல்லையில்லாத ஆள் என்று சந்தோஷப்பட்டேன்.

முந்தைய ஓனருக்கு ஃபோன் போட்டேன். "உங்க வீட்ல இருந்த ஒருத்தரைப் பத்திக் கேக்கணும்" என்றதுதான் தாமதம். "தங்கமான மனுஷர் சார், ஒண்ணாம் தேதி டாண்ணு வாடகை வந்துடும்" என்று ஆரம்பித்துவிட்டார். நான் இன்னும் பெயரே சொல்லவில்லை! இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "அவர் மாடியிலதானே இருந்தார்?" என்று வேண்டுமென்றே தப்பாக ஒரு கேள்வி போட்டிருந்தால் ஆள் தடுமாறியிருப்பார். நிஜமான ஓனராக இருந்தாலும் முழுசாக நம்ப முடியாது என்பது வேறு கதை. பிடிக்காத ஆளைக் கிளப்பிவிட நற்சான்று கொடுப்பவர்களும் உண்டு. அதற்கும் முந்தைய வீட்டு ஓனரைப் பிடித்தால் உண்மை வரும்.

4-ம் மாதம் வாடகை வரவில்லை, ஃபோனும் அணைந்திருந்தது. நேரில் போய்க் கதவைத் தட்டினால் முன்பின் தெரியாத ஒரு குடும்பம். "நீங்க யாரு?" என்று என் வீட்டு வாசலிலேயே என்னைக் கேட்டார்கள். என்னிடம் வாடகைக்கு எடுத்தவரையே வீட்டுச் சொந்தக்காரராகக் காட்டி எழுதிய ஒப்பந்தம் அவர்கள் கையில் இருந்தது. பெரிய தொகையை முன்பணமாகக் கறந்துகொண்டு போயிருக்கிறார்.

அன்று ராத்திரிதான் சம்பளச் சீட்டைக் கால்குலேட்டரோடு பார்த்தேன். பிடித்தங்களைக் கூட்டினால் கீழே போட்டிருந்த தொகை வரவில்லை. கம்பெனி உண்மையானதுதான். அதன் இணையதளத்தில் இருந்த நம்பரில் கேட்டேன். அப்படி ஒருவர் அங்கே வேலை பார்த்ததே இல்லையாம். சாவி கொடுப்பதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஃபோன் அது.

பூட்டை மாற்று, கரண்டைப் பிடுங்கு என்று யோசனை சொன்னவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் கேஸ் உங்கள் மேல் திரும்பும் என்று வக்கீல் தடுத்துவிட்டார். புகார் கொடுத்திருக்கிறேன், வழக்கு நடக்கிறது. அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர்களும் பணத்தைத் தொலைத்தவர்கள். கோபப்படவும் முடியவில்லை, வாடகை கேட்கவும் வாய் வரவில்லை.