டோஸ்ட்மாஸ்டர்ஸ்: மேடைய விட மென்டருக்காக சேரலாம்

டீம் லீட் ஆனதும் ஒரு விஷயம் புரிஞ்சுது, இனிமே நம்ம மூஞ்சிக்கு நேரா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. கீழ இருக்கறவங்களுக்கு அப்ரைசல் பயம், மேல இருக்கறவங்களுக்கு டெட்லைன் முடிஞ்சா போதும். அதான் வெளிய ஒரு ஆள் வேணும்னு, மேடைப்பேச்சு பழகற கிளப்பான டோஸ்ட்மாஸ்டர்ஸ்ல சேந்தேன்.

1924ல கலிஃபோர்னியால ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பிச்சது, இங்க நிறைய பேர் இங்கிலீஷ் கிளாஸ்னு நெனச்சிட்டு இருக்காங்க, அப்படி இல்ல, தமிழ்லயே நடக்கற கிளப்பும் இருக்கு. வாத்தியார்னு யாரும் கிடையாது, மெம்பர்ஸே ஒருத்தர ஒருத்தர் எவாலுவேட் பண்ணணும். நீங்க 5ல இருந்து 7 நிமிஷம் பேசுவீங்க, டைமர் பச்சை மஞ்சள் சிவப்பு காட்டுவாரு, இன்னொருத்தர் எத்தனை தடவ 'ஆ...' 'வந்து...'ன்னு இழுத்தீங்கன்னு எண்ணிட்டே இருப்பாரு (செம கடுப்பா இருக்கும்). அப்புறம் எவாலுவேட்டர் 2, 3 நிமிஷம் பேசுவாரு. சபைக்கு முன்னாடி சொல்றதால சர்க்கரை கொஞ்சம் தூக்கலா தான் இருக்கும், அத விட அவங்க எழுதிக் குடுக்கற 1 டு 5 மார்க் ஷீட்ட பாருங்க, அதுல எங்க 3 விழுந்திருக்கோ அது தான் மேட்டர்.

கிளப்ல படிப்படியா முடிக்க வேண்டிய பயிற்சில, முதல் லெவல்லயே ஃபீட்பேக்குக்குன்னு தனி ப்ராஜெக்ட் இருக்கு. பேசணும், குறை கேக்கணும், அத சரி பண்ணி மறுபடி பேசணும், கடைசில நீங்களே இன்னொருத்தர எவாலுவேட் பண்ணணும். நல்ல டிசைன்.

ஆனா காசுக்கு வொர்த்துன்னா மென்டர் தான், அதாவது புதுசா சேர்றவங்களுக்கு வழிகாட்டற அனுபவசாலி மெம்பர். எனக்கு அமைஞ்சவரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். "எப்படி சார் இருந்துச்சு"ன்னு பொதுவா கேட்டா "நல்லாருந்துச்சும்மா"ன்னு முடிச்சிருவாரு, அதனால ஆபீஸ் ப்ராஜெக்ட் பேரெல்லாம் எடுத்துட்டு, என் திங்கக்கிழமை டீம் மீட்டிங்ல பேசறத அப்படியே அவர் முன்னாடி பேசிக் காட்டி, இதுல எந்த இடத்துல ஆளுங்க வாய மூடிக்குவாங்கன்னு மட்டும் சொல்லுங்க சார்னு கேட்டேன். "ஏம்மா, டவுட் இருந்தா கேளுங்கன்னு சொல்லிட்டே லேப்டாப்ப மூடற, அப்புறம் எவன் கேப்பான்?" இத எந்த ஆபீஸ் சர்வேல போட்டாலும் வராது.

4 ஸ்டார். ஒன்னு குறைச்சது ஏன்னா நல்ல மென்டர் அமையறது கிளப்ப பொறுத்து தான், மொதல்ல கெஸ்ட்டா போய் உக்காந்து பாருங்க. முக்கியமா உங்க கம்பெனிக்குள்ளயே நடக்கற கிளப்ப விட்டுட்டு வெளி கிளப்பா பாத்து சேருங்க, உங்க மேனேஜர் மொத வரிசைல உக்காந்திருந்தா எவனும் வாயத் தொறக்க மாட்டான்.